10 நாள் ஒப்பந்தமும் 5 மாதப் பருவமும்: ஜி லீக்கில் ஒரு தொழில் வாழ்க்கை

அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு அடுத்த கீழ்நிலை லீக்தான் ஜி லீக். அதில் ஆடுபவரின் பிழைப்பைப் புரிந்துகொள்ள இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். 2024-25 பருவத்தில் ஜி லீக்கின் முழுப் பருவச் சம்பளம் 43,000 டாலர். அதே பருவத்தில், என்பிஏவில் ஒரு நாள்கூட இருந்திராத ஒருவர் அங்கே 10 நாள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டால் 66,503 டாலர். கீழே ஐந்து மாதம் ஓடி ஓடி ஆடியவர் வாங்குவதைவிட, மேலே பத்து நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அதிகம் வாங்குகிறார். எந்த ஊருக்குப் போவது, எப்போது ஐரோப்பாவுக்குக் கிளம்புவது, கணுக்கால் வீங்கியிருக்கும்போது ஆடலாமா என்று அந்த ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இந்த இடைவெளி நிற்கிறது.

லீக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் 8 அணிகளோடு என்பிஏ இதைத் தொடங்கியது. வெகுகாலம் டி லீக் என்று பெயர். 2017இல் கேட்டரேட் நிறுவனம் விளம்பரதாரராக வந்ததும் ஜி லீக் ஆனது. 2024-25இல் ஃபீனிக்ஸும் தனக்கென ஓர் அணியைத் தொடங்கியதால், 30 என்பிஏ அணிகளுக்கும் ஆளுக்கொரு கிளை அணி அமைந்துவிட்டது. இவை போக மெக்சிகோ சிட்டி கேப்பிடேன்ஸ் தனி அணி. மொத்தம் 31.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. சாதாரண ஜி லீக் ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் கையெழுத்திடுவது அணியோடு அல்ல, லீக்கோடு. அதனால் பேரம் பேச இடமே இல்லை. ஓர் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுப்பவருக்கும் பெஞ்சின் கடைசி நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரே சம்பளம். ஒரு காலத்தில் ஏ, பி, சி என்று தரம் பிரித்துக் கொடுத்தார்கள், இப்போது அது இல்லை. தங்குமிடமும் மருத்துவக் காப்பீடும் சம்பளத்தோடு சேர்ந்து வரும். நன்றாக ஆடினால் சம்பளம் கூடும் என்ற கணக்கு இந்த லீக்குக்குள் செல்லாது. நன்றாக ஆடினால் இங்கிருந்து வெளியேறலாம், அவ்வளவுதான்.

உள்ளே வரும் வழிகள்

அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்ட் ஜூன் கடைசியில் நடக்கும். இரண்டு சுற்றுகள், அதிகபட்சம் 60 பெயர்கள். பெயர் அழைக்கப்படாத கல்லூரி ஆட்டக்காரருக்கு அன்று நள்ளிரவுக்குள்ளேயே ஏஜெண்டிடமிருந்து தொலைபேசி வரும். கையில் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: டூ-வே ஒப்பந்தம், எக்ஸிபிட் 10 ஒப்பந்தம், அல்லது ஜூலையில் லாஸ் வேகாஸ் சம்மர் லீக்கில் ஆட ஓர் அழைப்பு மட்டும்.

டூ-வே 2017-18இல் வந்தது. அப்போது ஓர் அணிக்கு 2 இடம், 2023-24 முதல் 3. சம்பளம் என்பிஏ புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. 2024-25இல் அது 578,577 டாலர். இவர் என்பிஏ அணிக்கும் கிளை அணிக்கும் இடையே போய் வருவார். என்பிஏ ஆட்டப் பட்டியலில் 50 ஆட்டங்கள் வரைதான் இடம்பெற முடியும். பிளே-ஆஃபில் ஆட வேண்டுமானால் வழக்கமான ஒப்பந்தமாக மாற்றியாக வேண்டும். டூ-வேயில் இருக்கும்வரை வேறு எந்த என்பிஏ அணியும் அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பணத்தைப் பார்த்தால் யாரும் இதை மறுக்கமாட்டார்கள், மறுக்கவும் கூடாது. ஆனால் அதே இடத்தில் ஆட மூன்று பேர் வரிசையில் நிற்கும் அணியில் டூ-வே கிடைத்தால், பணம் வரும், ஆட்ட நேரம் வராது. இதை ஏஜெண்ட் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸிபிட் 10 பற்றி நாளிதழ்ச் செய்திகள் அதிகம் குழப்புகின்றன. அது ஓராண்டுக் குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தம். உத்தரவாதம் எதுவும் இல்லை. அதோடு ஓர் இணைப்பு இருக்கும்: அணி உங்களை விடுவித்த பிறகு அதன் கிளை அணிக்குப் போய் 60 நாள் தங்கினால் ஊக்கத்தொகை உண்டு. 2024-25இல் அதன் உச்சவரம்பு 77,500 டாலர். ஜி லீக் சம்பளத்தோடு சேர்த்தால் 120,500. இந்த லீக்கில் இது நல்ல ஆண்டு. அக்டோபரில் "இன்னார் என்பிஏ அணியில் ஒப்பந்தம்" என்று காலையில் செய்தி வரும், மறுநாளோ அன்றைக்கே மாலையிலோ "விடுவிக்கப்பட்டார்" என்று வரும். வீட்டில் இருப்பவர்கள் பதறிவிடுவார்கள். பதற வேண்டியதில்லை. பல சமயம் அந்த ஆட்டக்காரரின் ஜி லீக் உரிமையை, அதாவது ஜி லீக்கில் அவர் ஆடினால் எந்த அணிக்கு என்ற உரிமையை, தன் கிளை அணிக்கு உறுதிப்படுத்திக்கொள்ளவே அணி அப்படிக் கையெழுத்து வாங்கி விடுவிக்கிறது. கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஊக்கத்தொகை ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? உச்சவரம்பு 77,500 என்பதால் எல்லோருக்கும் 77,500 என்று பொருள் இல்லை, 5,000 டாலருக்கும் எழுதுவார்கள். 60 நாள் முடிவதற்குள் துருக்கியிலிருந்தோ தென் கொரியாவிலிருந்தோ அழைப்பு வந்து கிளம்பிவிட்டால் அந்தத் தொகை போயிற்று. ஐம்பதாவது நாளில் வரும் வெளிநாட்டு அழைப்பை விட மனம் வராமல் தடுமாறுபவர்கள் உண்டு. பத்து நாள் தள்ளிப் பயணச்சீட்டு எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

இந்த மூன்றும் இல்லாதவர்களுக்கு ஜி லீக்கின் சொந்த டிராஃப்ட் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் செப்டம்பர் வாக்கில் அணிகள் நடத்தும், யார் வேண்டுமானாலும் வரக்கூடிய தேர்வு. கட்டணம் கட்டிப் போக வேண்டும், திரும்பக் கிடைக்காது. பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுபவர்கள் ஒரு சிலர்தான். ஜொனாதன் சிம்மன்ஸ் 2013இல் 150 டாலர் கட்டி ஆஸ்டின் டோரோஸ் தேர்வுக்குப் போனவர். 2015இல் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸில் சேர்ந்தார். இந்தக் கதையை எல்லா அணிகளும் தேர்வு விளம்பரத்தில் சொல்லும். சிம்மன்ஸ் அந்த இடைப்பட்ட இரண்டு பருவமும் ஆஸ்டினிலேயே தங்கி அதே அமைப்பின் ஆட்ட முறையைக் கற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய தேர்வில் ஒருவருக்கு ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஐந்து முறை பந்தைத் தட்டிக்கொண்டு தனியாக வளையத்தை நோக்கிப் போகிறவரைப் பயிற்சியாளர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். பந்து கைமாறியதும் முதல் ஆளாகப் பின்னால் ஓடுவது, டிஃபென்ஸில் வாய்விட்டுப் பேசுவது, எதிராளியை உடலால் மறிக்கும் ஸ்கிரீன் வைத்தால் நகராமல் நிற்பது ஆகியவை கவனத்துக்கு வரும்.

நாள்காட்டிதான் எஜமான்

ஜி லீக் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் இறுதி வரை போகும். இரண்டு பகுதி. கிறிஸ்துமஸ் வரை ஒரு தொடர், அதன் முடிவில் எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடும் குளிர்காலக் காட்சித் தொடர். 2023 முதல் அது ஆர்லாண்டோவில் நடக்கிறது, அதற்கு முன் லாஸ் வேகாஸில். பிறகு வெற்றி தோல்விக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்; 2024-25இல் அந்தப் பகுதியில் 34 ஆட்டங்கள்.

அணி நிர்வாகிகள், தேர்வாளர்கள், வெளிநாட்டு கிளப்களின் ஆட்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது அந்த டிசம்பர் நாட்களில்தான். அடுத்து வரும் தேதிகளைப் பாருங்கள். ஜனவரி 5 முதல் என்பிஏ அணிகள் 10 நாள் ஒப்பந்தம் கொடுக்கலாம். ஜனவரி 10இல் உத்தரவாதமில்லாத என்பிஏ ஒப்பந்தங்கள் பருவம் முழுமைக்கும் உத்தரவாதமாகிவிடும். விடுவிப்புக்கு 48 மணி நேரம் ஆகும் என்பதால், வேண்டாதவர்களை அணிகள் ஜனவரி 7க்குள் விடுவித்துவிடும். ஆக ஜனவரி முதல் வாரத்தில் இடங்கள் காலியாகும், அதே வாரத்தில் 10 நாள் ஒப்பந்தக் கதவும் திறக்கும். டூ-வே ஒப்பந்தங்கள் உத்தரவாதமாவது ஜனவரி 20. அதற்கு முன் அங்கேயும் ஆள் மாற்றம் நடக்கும்.

இதனால்தான் டிசம்பர் 10 முதல் ஜனவரி 20 வரையான ஆறு வாரத்தை இந்தத் தொழிலின் அறுவடைக் காலம் என்று நினைக்கிறேன். நவம்பரில் பிரமாதமாக ஆடி டிசம்பரில் தசைப்பிடிப்பால் உட்கார்ந்துவிட்டவரின் நிலைமை பரிதாபமானது. பருவத் தொடக்கத்திலேயே உடலை முழுவேகத்தில் எரித்துவிடுவதுதான் புதுமுகங்கள் செய்யும் தவறு. நவம்பரில் லேசான கணுக்கால் சுளுக்கு என்றால் இரண்டு ஆட்டம் உட்காருவதே புத்தி. அதை மறைத்து ஆடி டிசம்பரில் மூன்று வாரம் படுத்தால், அந்த ஆண்டுக்கான கதவு கண்ணெதிரே மூடிவிடும்.

அடுத்த அலை பிப்ரவரியில், என்பிஏ வீரர் பரிமாற்றக் கெடு முடிந்ததும். ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்கும் அணி ஆளைக் குறைக்கும், இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கிய அணிக்கு ஆள் குறையும். ஓர் அணி 14 பேருக்குக் கீழே தொடர்ந்து 14 நாளுக்கு மேல் இருக்க முடியாது. அந்த இரண்டு வாரம் முடியும் நாளை எண்ணிக்கொண்டு ஏஜெண்டுகள் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அணியின் கடைசி இடமான 15ஆவது இடம் காலியாக இருந்தாலும், சம்பளச் செலவு வரம்பைத் தாண்டியதால் ஆடம்பர வரி கட்டும் அணி அதை நிரப்பத் தயங்கும். ஒரு டாலர் சம்பளத்துக்குப் பல டாலர் வரி கட்ட வேண்டியிருக்கும். எனவே எந்த அணிக்கு ஆள் தேவை என்பதோடு எந்த அணிக்குச் செலவழிக்க மனமிருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் நல்ல ஏஜெண்ட் நேரத்தைச் செலவிடுவார்.

10 நாள் ஒப்பந்தத்தின் விதி எளிது: 10 நாள் அல்லது 3 ஆட்டம், எது நீளமோ அது. ஓர் அணி ஒரே ஆளுக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறை கொடுக்கலாம். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை ஒப்பந்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். சாதாரண ஜி லீக் ஒப்பந்தத்தில் இருப்பவரை எந்த என்பிஏ அணியும் அழைக்கலாம், தன் கிளை அணியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு இது தெரியாது.

விதிகளைத் தாண்டிய காலமும் ஒன்று வந்தது. 2021 டிசம்பரில் கொரோனா ஒமைக்ரான் அலையில் என்பிஏ அணிகளில் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தனிமைப்படுத்தப்பட்டபோது, சிறப்பு அனுமதியின் பேரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அப்போது லாஸ் வேகாஸில் காட்சித் தொடர் நடந்துகொண்டிருந்தது. காலையில் பயிற்சியில் இருந்தவர் மாலையில் வேறு ஊரில் என்பிஏ சீருடையில் இருந்தார். அத்தனை ஆண்டு காத்திருந்து, முந்தைய வாரம்தான் வெளிநாட்டுக்குக் கிளம்பியவர்களை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

25 புள்ளி எடுப்பவரை ஏன் கூப்பிடுவதில்லை

இந்த லீக்கைத் தொடர்ந்து பார்க்கும் ரசிகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பதில் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. என்பிஏ அணிக்குப் பருவத்தின் நடுவில் தேவைப்படுவது ஒன்பதாவது, பத்தாவது ஆள். அந்த ஆளின் கைக்குப் பந்து வரும் நேரம் மிகக் குறைவு. அவர் மூலையில் நின்று, பந்து வந்த நொடியில் த்ரீ பாயிண்டர், அதாவது வெளிக்கோட்டுக்கு அப்பாலிருந்து மூன்று புள்ளிக்கான எறி, எறிய வேண்டும். எறிய வழியில்லாவிட்டால் உடனே பாஸ் செய்ய வேண்டும். மறுபக்கம், தன்னைவிடப் பெரியவரையும் வேகமானவரையும் மாறி மாறிக் காக்க வேண்டும். பந்தை இழக்கக் கூடாது. ஜி லீக்கில் 25 புள்ளி எடுப்பவர் பெரும்பாலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கிறார். அந்த வேலைக்கு என்பிஏ அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் பல கோடி டாலருக்கு இருக்கிறார்கள்.

அலெக்ஸ் கருசோவைப் பாருங்கள். டிராஃப்டில் பெயர் வரவில்லை. 2016-17இல் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணியில் ஆடினார், 2017இல் என்பிஏ அணியான லேக்கர்ஸ் டூ-வே கொடுத்தது. 2020இல் லேக்கர்ஸோடும் 2025இல் ஓக்லஹோமா சிட்டி தண்டரோடும் சாம்பியன். அவரைத் தூக்கி நிறுத்தியது எதிராளியின் முதன்மை ஆட்டக்காரரை நிற்க விடாத டிஃபென்ஸ். டங்கன் ராபின்சன் 2018-19இல் சூ ஃபால்ஸ் ஸ்கைஃபோர்ஸில் இருந்தபோது செய்தது ஒன்றே ஒன்று: ஓடிக்கொண்டே பந்தை வாங்கி, கால் தரையில் பட்டதும் எறிவது. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. பாஸ்கல் சியாக்கமும் ஃப்ரெட் வான்வ்லீட்டும் 2017இல் ஜி லீக்கில் கோப்பை வென்ற ராப்டர்ஸ் 905 அணியில் இருந்தவர்கள். அவர்கள் என்பிஏ ஒப்பந்தத்தோடு கீழே அனுப்பப்பட்டவர்கள், எனவே அது வேறு வகை.

அந்த வேறு வகையால் சாதாரண ஒப்பந்தக்காரருக்கு வரும் இடைஞ்சலைச் சொல்லாமல் விட முடியாது. மேல் அணி தன் புதுமுகத்தைக் கீழே அனுப்பினால் அன்று மாலையே அவர் தொடக்க ஐவரில் இருப்பார். வாரக்கணக்கில் 30 நிமிடம் ஆடிவந்தவர் திடீரென 15 நிமிடத்துக்கு இறங்குவார். இது பயிற்சியாளரின் கோபமோ தண்டனையோ அல்ல. யாருக்கு எத்தனை நிமிடம் என்பது பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. இதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு முகம் சுளித்து உட்காருபவர்களின் பெயர் தேர்வாளர்களின் குறிப்பேட்டில் ஏறிவிடும். கிடைத்த 15 நிமிடத்தில் மேலே சொன்ன ஒன்பதாவது ஆளின் வேலையைச் செய்து காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஒத்திகை வேறு இல்லை.

அழைப்பு வந்தபின் என்ன நடக்கிறது? முதலில் மருத்துவப் பரிசோதனை. பழைய காயத்தின் ஸ்கேன் அறிக்கைகளை நகலெடுத்துக் கையோடு வைத்திருப்பது நல்லது. பிறகு ஐபேடில் ஆட்டத் திட்டங்கள். கிளை அணிகள் மேல் அணியின் திட்டங்களையும் அவற்றின் பெயர்களையும் அப்படியே பின்பற்றுவதால், சொந்த அணிக்குப் போகிறவருக்கு இது சுலபம். வேறு அணி அழைத்தால் ஒரே காலைப் பயிற்சியில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் படிக்க முயலாமல், தன் இடத்துக்கு உரிய ஏழெட்டுத் திட்டங்களையும் டிஃபென்ஸ் சொற்களையும் மட்டும் முதல் இரவில் படிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். களத்தில் இறக்கும் முதல் தடவை பெரும்பாலும் ஆட்டம் முடிவாகிவிட்ட கடைசி இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று முறை எறிந்து தன்னைக் காட்டிவிடத் துடிப்பது மனித இயல்பு. அதை அடக்கிக்கொள்பவர்களுக்கே இரண்டாவது 10 நாள் கிடைக்கிறது.

ஆண்ட்ரே இங்ரமைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். 2007இல் யூட்டா ஃப்ளாஷ் அணியில் தொடங்கி, பத்துப் பருவம் கீழ் லீக்கில் ஆடினார். வருமானம் போதாமல் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்காக லேக்கர்ஸ் அவரை அழைத்தது. 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், ஹூஸ்டனுக்கு எதிராக முதல் என்பிஏ ஆட்டம்: 19 புள்ளிகள், 5 த்ரீ பாயிண்டரில் 4 உள்ளே. அந்த இரண்டு ஆட்டங்களுக்குக் கிடைத்தது 13,824 டாலர். அன்றைய தினம் எல்லோரையும் நெகிழ வைத்தது. ஆனால் அவருக்கு அந்த நாள் வரக் காரணம் ஒன்றை மட்டும் ஊன்றிச் செய்தது: பத்தாண்டும் அதே எறியும் முறை, அதே கால் வைப்பு. ரெனால்டோ மேஜருக்கு 2007இல் கோல்டன் ஸ்டேட்டுக்காக ஒரே ஓர் ஆட்டம் கிடைத்தது. ஃபோர்ட் வேன் மேட் ஆன்ட்ஸின் ரான் ஹவர்ட் 2014இல் லீக்கின் அந்நாள்வரையான அதிகப் புள்ளிக்காரரானார், சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பகிர்ந்துகொண்டார். அவருக்கு ஓர் என்பிஏ பருவ ஆட்டம்கூட அமையவில்லை. திறமை மட்டும் இதை முடிவு செய்வதாக நான் நம்பவில்லை.

இந்தியர்களில் சத்னாம் சிங் 2015 டிராஃப்டில் டல்லஸால் 52ஆவதாகத் தேர்வானவர். அதன் கிளை அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில் இரண்டு பருவம் இருந்தார். வளையத்தின் அடியில் முதுகைக் காட்டி நின்று ஆடும் ஏழடிக்காரரை லீக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் வெளியே வந்து எறிந்தார்கள், ஓடினார்கள். அவருக்கு ஆட்ட நேரம் மிகக் குறைவாகவே கிடைத்தது. அம்ஜோத் சிங் 2017-18இல் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவிலும், பிரின்ஸ்பால் சிங் 2020-21இல் இக்னைட் அணியிலும் இருந்தார்கள். நம் பயிற்சி முகாம்களில் உயரமான பையனை வளையத்துக்கு அடியிலேயே நிறுத்திப் பழக்குகிறோம். இந்த மூவரின் அனுபவத்துக்குப் பிறகாவது, 15 வயதிலேயே அவனை வெளிக்கோட்டுக்கு அழைத்து வந்து எறியப் பழக்க வேண்டும்.

பணமும் பயணமும்

43,000ஐ ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 8,600. அதில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம். பிறகு மத்திய வருமான வரி, மாநிலத்தைப் பொறுத்து மாநில வரி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்த வருமானம் நின்றுவிடும், ஆனால் தனிப் பயிற்சியாளர், ஜிம், உடல் சிகிச்சை ஆகிய செலவுகள் அப்போதுதான் கூடும். சம்பளம் வரும் ஐந்து மாதத்தில் வாடகை இல்லை என்பது பெரிய ஆறுதல். அந்த மிச்சத்தைத் தனியே எடுத்து வைக்காதவர் ஜூலையில் கடன் வாங்குவார், கடன் வாங்கியவர் ஆகஸ்டில் வரும் முதல் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்திடுவார்.

பயணம் சாதாரண விமானத்தில், சாதாரண இருக்கையில். ஆறடி பத்து அங்குலக்காரரின் முழங்கால் முன் இருக்கையில் இடித்துக்கொண்டே வரும். சூ ஃபால்ஸ் போன்ற ஊர்களிலிருந்து பல இடங்களுக்கு நேர் விமானம் இல்லை, விடிகாலை எழுந்து விமானம் மாறிப் போக வேண்டும். லேக்கர்ஸின் கிளை அணி எல் செகுண்டோவில் மேல் அணி பயிற்சி செய்யும் அதே கட்டடத்தில் ஆடுகிறது. மயாமியின் கிளை அணியோ தெற்கு டகோட்டாவில் இருக்கிறது. ஒருவருக்கு அழைப்பு வந்தால் அடுத்த அறைக்கு நடந்து போனால் போதும், இன்னொருவர் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறக்க வேண்டும். அணியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் இந்தத் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உறக்கம் கெட்டால் எறியும் சதவீதம் விழும்.

பருவம் முடிந்ததும் பலர் இரண்டாவது பருவத்துக்குக் கிளம்புவார்கள். புவெர்ட்டோ ரிக்கோ லீக், நியூசிலாந்து லீக், 2019இல் தொடங்கிய கனடாவின் கோடைகால லீக், பிலிப்பைன்ஸ் என்று வழிகள் இருக்கின்றன. பணம் வரும், ஆனால் ஓய்வே இல்லாமல் ஆண்டு முழுவதும் ஆடிய கால்கள் மூன்றாம் ஆண்டில் கணக்குக் கேட்கும்.

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் ஊதியத் தொகை வரி போக நிகரத் தொகையா என்று எழுத்தில் இருக்க வேண்டும். வீடு, கார், இருவழி விமானச் சீட்டு எத்தனை, சம்பளம் எந்தத் தேதியில், தாமதித்தால் நாளுக்கு எவ்வளவு அபராதம், எத்தனை நாள் தாமதமானால் ஆட்டக்காரர் விலகலாம் என்பவை தனித்தனி வரிகளாக வேண்டும். வந்திறங்கிய சில நாட்களுக்குள் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும் என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால், இரண்டு மாதம் ஆடிய பிறகு பழைய முழங்கால் காயத்தைக் காரணம் காட்டி அனுப்பிவிட முடியும். தகராறு வந்தால் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற பிரிவு மிக முக்கியம். 2007இல் உருவான அந்தத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை மதிக்காத கிளப் மீது ஃபிபா தடை விதிக்க முடியும். உள்ளூர் நீதிமன்றத்தில் மொழி தெரியாமல் வழக்கு நடத்துவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது புரியும். ஏஜெண்ட் கட்டணம் வெளிநாட்டில் பொதுவாக 10 சதவீதம், பெரும்பாலும் கிளப்பே கட்டும். என்பிஏ குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏஜெண்ட் 2 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

வெளிநாட்டு லீக்குகளில் அயல்நாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அந்த இடத்தில் வந்தவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது புள்ளிகள். மூன்று ஆட்டம் சொதப்பினால் அடுத்த ஆள் விமானம் ஏறிவிடுவார். என்பிஏ கேட்பது இதற்கு நேர் எதிர்: குறைவாக எறி, அதிகமாகக் காப்பாற்று. ஆகவே இரண்டு ஆண்டு வெளியே முதன்மை ஆட்டக்காரராக இருந்து திரும்புபவரின் கைக்கு பந்து பழகிப்போயிருக்கும். மூலையில் நிற்பதை மறுபடி கற்க வேண்டும். திரும்பும்போது அவரது ஜி லீக் உரிமை பழைய அணியிடமே இருக்கக்கூடும் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். பருவத்தின் நடுவில் ஜி லீக்கிலிருந்து வெளிநாட்டுக்குப் போவதென்றால் விடுவிப்புத் தொகை கட்டி, லீக்கின் அனுமதி பெற்று, விடுவிப்புக் கடிதம் வந்த பிறகுதான் அங்கே களமிறங்க முடியும்.

கடந்த சில ஆண்டுகளில் இன்னொரு மாற்றம். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021இல் விதி வந்த பிறகு, பெரிய கல்லூரிகளில் இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு கிடைக்கிறது. இளம் திறமையாளர்களுக்கென்று நடத்தப்பட்ட இக்னைட் அணி 2024இல் மூடப்பட்டதற்கு அதுவே காரணம். 2025இல் இக்னைட்டின் முன்னாள் ஆட்டக்காரர் தியெரி டார்லான் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். கல்லூரியில் நல்ல வருமானம் இருக்கும்வரை 22, 23 வயதுக்கு முன் யாரும் இங்கே வர அவசரப்படமாட்டார்கள். வரும்போது கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கும்.

எத்தனை ஆண்டு முயல்வது என்று கேட்டால் என் கணிப்பு மூன்று பருவம். முதல் பருவத்தில் ஆட்ட முறை பிடிபடும், இரண்டாவதில் சம்மர் லீக்கில் நல்ல இடம், மூன்றாவதில் டூ-வேயோ 10 நாளோ வர வேண்டும். இரண்டாவது பருவத்தின் முடிவில், எந்த என்பிஏ அணியாவது பயிற்சி முகாமுக்கு அழைத்ததா, எக்ஸிபிட் 10 ஊக்கத்தொகை முந்தைய ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டும். அந்தத் தொகை குறைந்துகொண்டே வந்தால் அணிகளின் மனதில் என்ன இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது. அப்போது வெளிநாட்டுப் பேச்சை ஜூன் மாதமே தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால், நல்ல கிளப்களின் அயல்நாட்டவர் இடங்கள் அதற்குள் நிரம்பியிருக்கும்.